பவளத்தில் சதை உரிகிறதா? தொடங்கிய இடத்தையும் பரவும் வேகத்தையும் முதலில் பாருங்கள்

கடல்நீர்த் தொட்டியில் ஒரு பவளம் வெள்ளையாகத் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். சதை இருக்கிறதா, போய்விட்டதா? வெளிறிய பவளமும் சதை உரிந்த பவளமும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு.

வெளிறும்போது திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் மட்டும் வெளியேறுகின்றன. சதை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், ஆனால் அங்கேயேதான் இருக்கும். பாலிப்புகள் (பவளத்தின் உணர்கொம்புள்ள சிறு வாய்கள்) நீளும், தீனி போட்டால் பிடிக்கும். வெளிச்சத்தைக் குறைத்து, வெப்பநிலையைச் சரிபார்த்து, தீனி கொடுத்துக் காத்திருந்தால் பல பவளங்கள் மீண்டுவிடும். அதை வெட்டுவது தேவையில்லாத கொலை. சதை உரிந்த இடத்தில் எஞ்சியிருப்பது வெறும் சுண்ணாம்புக்கூடு. விளிம்புகள் கூராகத் தெரியும், மூன்று நான்கு நாளில் அதன்மேல் பழுப்பு அல்லது பச்சைப் பாசி படியத் தொடங்கும். சந்தேகமிருந்தால் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கை மட்டும் விட்டுப் பாருங்கள். உயிருள்ள சதை பெரும்பாலும் ஒளிரும், வெறும் கூடு மங்கலாகவே நிற்கும். ஒரு பைப்பெட்டால், சதையும் வெறும் கூடும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் மேல் மெதுவாக நீரை ஊதுங்கள். சதைத் துணுக்குகள் பிய்ந்து பறந்தால் நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் அசையவில்லை என்றால் இழப்பு நின்றிருக்கலாம்.

அடுத்தது வேகம். ஒரே கோணத்தில், ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, 12 மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். கண்ணை நம்பினால் பதற்றம்தான் மிஞ்சும், படம் பொய் சொல்லாது. கோடு நாளுக்கு ஓரிரு மில்லிமீட்டருக்குள் நகர்ந்தால் அது மெதுவான இழப்பு, தொட்டிக்காரர்கள் எஸ்டிஎன் என்பார்கள். ஒரு கிளை முழுவதும் ஒரே நாளில் உரிந்தால் அது வேகமான இழப்பு, அதாவது ஆர்டிஎன். அப்போது இரண்டாவது படத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். வேகமாகப் போனால் முதலில் கத்தரி, பிறகு சோதனை. மெதுவாகப் போனால் முதலில் சோதனை, பிறகுதான் கத்தரி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் காப்பாற்றக்கூடிய பவளமும் சாகலாம்.

வேகமாக உரியும்போது

அக்ரோபோரா, போசிலோபோரா, ஸ்டைலோபோரா, செரியடோபோரா ஆகிய கல்பவளங்கள்தான் அதிகம் மாட்டுபவை. காலையில் நன்றாக இருந்தது மாலைக்குள் பாதி வெள்ளையாகிவிடும். விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள், சதையைத் தின்னும் சிலியேட் நுண்ணுயிர்கள் என இரு தரப்பையும் ஆய்வாளர்கள் நோயுற்ற திசுவில் கண்டிருக்கிறார்கள். ஆனால் எல்லா நிகழ்வுக்கும் ஒரே கிருமிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. தொட்டியில் பெரும்பாலும் ஏதோ ஓர் அதிர்ச்சிக்குப் பிறகுதான் இது கிளம்புகிறது. நீண்ட பயணம், உப்பளவு சட்டென்று மாறியது, ஹீட்டர் ஒட்டிக்கொண்டு நீர் சூடானது, ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் நீரின் திறன், அலகு டிகேஎச்) ஒரே நாளில் குதித்தது போன்றவை.

கையில் இருக்க வேண்டியவை: எலும்பு வெட்டும் கத்தரி, சயனோஅக்ரிலேட் சூப்பர் க்ளூ ஜெல், ஃப்ராக் பிளக்குகள் (பவளத் துண்டை ஒட்டி நிறுத்தும் சிறு அடிக்கட்டைகள்), கையுறை, கண்பாதுகாப்புக் கண்ணாடி, தொட்டி நீர் நிரப்பிய இரண்டு மூன்று பாத்திரங்கள், 5 சதவீத லுகால் அயோடின் கரைசல், கத்தரியைத் துடைக்க ஆல்கஹால். இவற்றை நோய் வந்தபின் தேடக் கூடாது.

சுழற்சிப் பம்புகளை நிறுத்திவிட்டுப் பவளத்தை எடுங்கள். ஓடும் நீரில் எடுத்தால் அழுகிய சதை தொட்டி முழுக்கப் பரவும். பாத்திரத்துக்குள் வைத்து, நல்ல சதையுள்ள நுனிகளை முதலில் வெட்டுங்கள். எல்லைக்கோட்டிலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளி வெட்ட வேண்டும். கோட்டை ஒட்டிய சதை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கூட்டிலிருந்து ஏற்கெனவே தளர்ந்திருக்கும். 3, 4 செ.மீ. நீளத் துண்டுகளாகப் பல எடுப்பது நல்லது. ஒரு பெரிய துண்டைக் காப்பாற்ற முயல்வதைவிட ஐந்து சிறு துண்டுகளில் இரண்டு பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம். நோயுள்ள பகுதியைத் தொட்ட கத்தரியை ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபிறகே அடுத்த துண்டைத் தொடுங்கள்.

துண்டுகளை அயோடின் குளியலில் போடுங்கள். ஒரு லிட்டர் தொட்டி நீருக்கு 5 முதல் 10 துளி லுகால், நேரம் 10 நிமிடம், அதிகபட்சம் 15. நீர் வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். வெப்பநிலை தொட்டியின் அளவிலேயே இருக்க வேண்டும். சிறு பம்பு ஒன்றைப் போட்டு நீரை அசைத்துக்கொண்டே இருங்கள். பிறகு சுத்தமான தொட்டி நீரில் ஒருமுறை அலசி, வெட்டுமுகத்தையும் அதைச் சுற்றிய சதை விளிம்பையும் ஜெல்லால் மூடி பிளக்கில் ஒட்டுங்கள். குளியல் நீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். அதே நீரில் அடுத்த பவளத்தை முக்கவும் கூடாது.

இரண்டாவது தொட்டி இருந்தால் துண்டுகளில் பாதியை அங்கே வையுங்கள். நீரே காரணமாக இருந்தால் அதே நீருக்குத் திரும்பும் எல்லாத் துண்டுகளும் போய்விடும். வெளிச்சம் 100 முதல் 150 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) போதும். நீரோட்டம் நன்றாக இருக்கட்டும், ஆனால் ஒரே திசையில் அறைய வேண்டாம். மிஞ்சிய தாய்ப் பவளத்தை, "ஒருவேளை நின்றுவிடுமோ" என்று திரும்ப உள்ளே வைக்காதீர்கள். அழுகும் சதை அம்மோனியாவை ஏற்றும், சிலியேட்டுகளுக்குத் தீனியாகும். அதை வெளியேற்றுவதுதான் மற்றப் பவளங்களுக்கு நீங்கள் செய்யும் நன்மை.

எல்லைக்கோட்டின் மேல் க்ளூ பூசி நிறுத்தும் முறை மெதுவான இழப்பில் பலமுறை பலிக்கிறது. இங்கே பலிக்காது. கோட்டுக்கு முன்னாலுள்ள சதையே தளர்ந்துவிட்டதால் க்ளூவுக்கு அடியிலும் உரிதல் தொடரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸோவாந்திட், பாலிதோவா என்ற பொத்தான் பாலிப் வகைகள் ஒட்டிய பாறையில் வெட்டு வேலை செய்யும்போது கையுறையும் கண்பாதுகாப்பும் கட்டாயம். அவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நச்சு இருக்கக்கூடும். அந்தப் பாறையைக் கொதிக்க வைப்பதோ வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ உயிருக்கே ஆபத்து. ஆவியோடும் திவலையோடும் நச்சு மூச்சில் ஏறிப் பலர் மருத்துவமனை வரை போயிருக்கிறார்கள்.

பழுப்புக் கூழ்

யூஃபிலியா வகைகளில், அதாவது டார்ச், ஹாம்மர், ஃப்ராக்ஸ்பான் போன்றவற்றில், ஒரு தலை சுருங்கி அதன்மேல் பழுப்பு நிறக் கூழ் திரண்டால் அது தனி நோய். வாடை தூக்கியடிக்கும். ஒரு துளிக் கூழை நுண்ணோக்கியில் 100 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் சிலியேட்டுகள் விரைந்து நீந்துவது தெரியும். பல நேரம் அவற்றின் வயிற்றுக்குள் பவளத்தின் பழுப்பு நுண்பாசிகளையே காணலாம். உடைந்த, அடிபட்ட, அல்லது அண்டைப் பவளம் கொட்டிய தலையில் இது தொடங்கி நீரோட்டத்தின் திசையில் அடுத்த தலைக்குத் தாவும்.

பம்புகளை நிறுத்துங்கள். மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வாளிக்கு எடுங்கள். ஊதித் தள்ளினால் நோயை நீங்களே பரப்புகிறீர்கள். பவளத்தை வெளியே எடுத்து, மிஞ்சியதைப் பாத்திரத்தில் அலசுங்கள். கிளைவகையாக இருந்தால் நோயுள்ள தலையை, சதை முடியும் இடத்துக்கு 2, 3 செ.மீ. கீழே கூட்டில் வெட்டி எறிந்துவிடுங்கள். பக்கத்துத் தலை நன்றாகத் தெரிந்தாலும் அதையும் தனியாகப் பிரிப்பது புத்திசாலித்தனம். நல்ல தலைகளுக்கு மேலே சொன்ன அயோடின் குளியல், பிறகு தனித் தொட்டி. மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள், கூழ் திரும்பினால் மீண்டும் குளியல். சுவர்வகையில், கிளை பிரியாமல் ஒரே தொடர்ச்சியாக இருப்பதால், வைர வட்டு ரம்பத்தால் நல்ல பகுதிக்குள் போய் அறுக்க வேண்டும். அறுக்கும்போது நீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் சூட்டிலேயே சதை வெந்துவிடும்.

மெதுவாக உரியும்போது: எங்கிருந்து தொடங்கியது?

அவசரம் இல்லாததால் இங்கே துப்பறிய நேரம் இருக்கிறது. இழப்பு தொடங்கிய இடமே பாதி விடை.

நுனியிலிருந்து கீழ்நோக்கி வந்தால் ஆல்கலினிட்டியையும் சத்து அளவையும் சேர்த்துப் பாருங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும் தொட்டியில் ஆல்கலினிட்டி 10 டிகேஎச் அளவுக்கு மேலே போனால் அக்ரோபோராவின் நுனிகள் கருகுவது வழக்கம். கூடு வளரத் துடிக்கும், மேலே போர்த்தச் சதை உருவாகாது. அப்படிப்பட்ட தொட்டிக்கு 7 முதல் 8 டிகேஎச் போதும். சத்து உள்ள தொட்டி 9, 10 வரை தாங்கும்.

அடியிலிருந்து மேல்நோக்கி ஏறினால் காரணங்கள் பல. அடர்ந்து வளர்ந்த பவளத்தின் அடிப்பகுதிக்கு வெளிச்சமும் ஓட்டமும் போகாமல் சதை பின்வாங்குவது இயல்பானது, அதற்கு வைத்தியம் தேவையில்லை. ஆனால் கோடு நிற்காமல் ஏறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆல்கலினிட்டியின் ஏற்ற இறக்கம். ஒருநாள் அளவீடு எதையும் சொல்லாது. மூன்று நாள் தொடர்ந்து, ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள். 8.5 இருக்க வேண்டியது 6.8 என்று வந்தால் டோசிங் பம்பை, அதாவது கரைசலைத் தானாக அளந்து விடும் பம்பைப் பாருங்கள். குழாய் விரிசல், காலியான டப்பா, நாள்பட்டுத் தளர்ந்து குறைவாகத் தள்ளும் பம்பு ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்.

குறைந்ததை ஏற்றும் கணக்கு எளிது. 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் உயர்த்தச் சுமார் 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். பாறையையும் மணலையும் கழித்து உண்மையான நீர் 300 லிட்டர் என்றால், நாளுக்கு 0.5 டிகேஎச் ஏற்ற 4.5 கிராம். அதை அரை லிட்டர் ஆர்ஓ நீரில் முழுமையாகக் கரைத்து, ஓட்டம் வலுவாக உள்ள இடத்தில் ஒரு மணி நேரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நோயுற்ற தொட்டியில் நாளுக்கு 0.5க்கு மேல் போகாதீர்கள். ஆரோக்கியமான தொட்டியிலேயே 1 தான் மேல் எல்லை. அளவு அதிகமாக இருந்தால் டோசிங்கைக் குறைத்துவிட்டு, பவளங்களே தின்று தீர்க்க விடுங்கள். அமிலம் ஊற்றி இறக்குவது வேண்டாத வேலை.

அடுத்து பாஸ்பேட். அளவு 0.03 முதல் 0.1 பிபிஎம், நைட்ரேட் 2 முதல் 15 பிபிஎம் வரை இருப்பது பவளத்துக்கு நல்லது. வாரக்கணக்கில் 0.00 காட்டும் தொட்டியில் சதை மெலிந்து, நிறம் வெளிறி, அடியிலிருந்து உரிவதை அடிக்கடி காணலாம். ஜிஎஃப்ஓவை (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள்) எடுத்துவிட்டு மீன்களுக்குத் தீனியைக் கூட்டுங்கள். இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு. பாஸ்பேட் 0.3 இருக்கிறதே என்று ஜிஎஃப்ஓவை முழு அளவு போட்டு இரண்டே நாளில் 0.02க்கு இறக்கினால், உயர்ந்த பாஸ்பேட்டில் நன்றாக இருந்த பவளம்கூட உரிந்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் அளவில் கால் பங்கில் தொடங்குங்கள்.

உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது 25 டிகிரியில் அடர்த்தி எண் சுமார் 1.026. ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ நீரில் மட்டும் பூஜ்யம் செய்து நம்பிக்கொண்டிருப்பவர்கள் 35 பிபிடி அளவுத் திரவத்தால் ஒருமுறை சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35ல் இரண்டு மூன்று தவறிக் காட்டலாம். தானியங்கி நீர்நிரப்பி சிக்கிக்கொண்டு நன்னீரைக் கொட்டியிருந்தால் உப்பளவு இறங்கியிருக்கும். நாளுக்கு 1 பிபிடி மட்டும் ஏற்றுங்கள், ஆவியாகும் நீருக்குப் பதில் உப்புநீரை ஊற்றினாலே மெல்ல ஏறிவிடும். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். இவை இரண்டும் சற்று விலகியிருந்தால் மட்டும் சதை உரியாது, ஆகவே அவற்றைக் குற்றவாளியாக்கி அவசரமாகத் திருத்த வேண்டாம்.

எல்லா அளவும் சரி, பல வகைப் பவளங்கள் ஒருசேரச் சுணங்குகின்றன என்றால் உலோகத்தைத் தேடுங்கள். பம்பின் காந்தம் உறை பிளந்து துருப்பிடித்திருக்கும், மூடியின் திருகு நீரில் விழுந்திருக்கும், நன்னீர் வரும் வழியில் பித்தளை இணைப்பு இருக்கும். கண்டுபிடித்து அகற்றிய பிறகு புதுக் கார்பன் (உறிஞ்சுகரி), 20 முதல் 25 சதவீத நீர்மாற்றம், ஐசிபி சோதனைக்கு (நீரிலுள்ள தனிமங்களை அளக்கும் ஆய்வகச் சோதனை) மாதிரி. சார்கோஃபைடன், சினுலேரியா போன்ற மென்பவளங்கள் நிறைந்த தொட்டியிலும் கார்பன் அவசியம். அவை நீரில் விடும் வேதிப்பொருள்கள் கல்பவளங்களை மெல்ல அரிக்கும்.

நடுவில் திட்டுத்திட்டாக உரிந்தால் தண்ணீரை விட்டுவிட்டு உயிர்களைப் பாருங்கள். அக்ரோபோராவின் சதையில் ஒரு மில்லிமீட்டர் அளவு வெளிறிய வட்டக் கடிகள் இருந்தால் அது அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு. பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. பைப்பெட்டால் வேகமாக நீரை ஊதினால் பிய்ந்து புரளும். அதன் முட்டைகள் அடிப்பகுதியின் நிழலில், சதையற்ற கூட்டின்மேல், பொன்பழுப்புக் கொத்தாக ஒட்டியிருக்கும். கடையில் கிடைக்கும் டிப்புகள் (பவளத்தை முக்கியெடுக்கும் கரைசல்கள்) புழுவைத் தளர்த்தும், முட்டையைத் தொடாது. ஆகவே முட்டையுள்ள அடிப்பகுதியை வெட்டி எறியுங்கள், முடியாவிட்டால் சுரண்டி எடுத்து அந்த இடத்தை க்ளூவால் மூடுங்கள். தொட்டி வெப்பநிலையில் முட்டை பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால், வாரம் ஒருமுறை என்று 6 வாரம் டிப் செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் "போய்விட்டது" என்று நிறுத்துபவர்களுக்கு இரண்டு மாதத்தில் திரும்ப வரும். மான்டிபோராவில் கீழ்ப்புற விளிம்பிலிருந்து வெள்ளைத் திட்டுகள் பரவினால் சில மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை நுடிபிராங்குகளை (ஓடில்லாத கடல் நத்தைகள்) தேடுங்கள். அதற்கும் இதே நடைமுறைதான்.

ஒரு பக்கம் மட்டும் உரிந்திருக்கிறதா? அந்தப் பக்கத்து அண்டைப் பவளத்தை, விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சில் பாருங்கள். கலாக்ஸியா 20 செ.மீ.க்கு மேலும் கொட்டும் இழைகளை நீட்டும், யூஃபிலியா 10 முதல் 15. இடத்தை மாற்றினால் போதும், மருந்து எதுவும் வேண்டாம்.

சதைப்பற்றான எல்பிஎஸ் (பெரிய பாலிப்புள்ள கல்பவள) வகைகளில், டிராக்கிஃபில்லியா, அகாந்தாஸ்ட்ரியா போன்றவற்றில், கூட்டின் முட்கள் சதையைத் துளைத்து வெளியே தெரிந்தால் வெளிச்சமும் ஓட்டமும் அதிகம் என்று பொருள். 50 முதல் 100 பார் உள்ள இடத்துக்கு இறக்கி, மென்மையான ஓட்டத்தில் வைத்து, வாரம் இருமுறை பம்பை 20 நிமிடம் நிறுத்தி நறுக்கிய மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்த் தீனி) கொடுங்கள். பிடிக்காத தீனியை எடுத்துவிட வேண்டும், சதைமேல் கிடந்து அழுகினால் அதுவே புதுப் புண்.

காரணத்தைத் திருத்திய பிறகும் கோடு நகர்ந்தால், கோட்டுக்கு 1 செ.மீ. மேலே நல்ல சதையில் வெட்டுங்கள். வெட்ட முடியாத வடிவமாக இருந்தால், பவளத்தை வெளியே எடுத்து எல்லையை உறிதாளால் ஒற்றி, வெறும் கூட்டிலிருந்து நல்ல சதைக்குள் அரை செ.மீ. வரை ஜெல் க்ளூவைத் தொடர்ச்சியாகப் பூசுங்கள். இடைவெளி விட்டால் அங்கிருந்து மீண்டும் தொடங்கும்.

ஆன்டிபயாட்டிக் பற்றி

புளோரிடாவின் பவளத்திட்டுகளில் 2014ல் மயாமிக்கு அருகே முதலில் காணப்பட்ட கல்பவளத் திசு இழப்பு நோய்க்கு, அமாக்சிசிலின் கலந்த பசையை நோய்விளிம்பில் பூசிப் பல பவளங்களில் புண் பரவுவதை நிறுத்தினார்கள். ஆகவே இந்த வழிக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அங்கே மருந்து போனது புண்ணின் விளிம்புக்கு மட்டும். தொட்டி முழுவதும் மருந்தைக் கரைப்பது வேறு செயல். பாறையில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களையும் பவளத்தோடு வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் அது தாக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். கால்நடை மருத்துவரின் பரிந்துரையோடு, தனிப் பாத்திரத்தில், குறிப்பிட்ட பவளத்துக்கு மட்டும் என்றால் சரி. தட்டைப்புழுவுக்கும் ஆல்கலினிட்டிக் குதிப்புக்கும் ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது என்பதால், காரணம் தெரியாமல் அதைக் கையில் எடுக்கவே கூடாது.

நின்றதை எப்படி அறிவது?

உயிரோட்டமுள்ள விளிம்பு உருண்டு, கூட்டோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். கந்தலாகத் தொங்காது. தொடர்ந்து ஏழு நாள் படங்களில் கோடு அசையவில்லை என்றால் நின்றுவிட்டது எனலாம். இரண்டு மூன்று வாரத்தில் அந்த விளிம்பில் மெல்லிய புதுச் சதை கூட்டின்மேல் ஏறத் தொடங்கும், ஃப்ராக் துண்டுகளில் க்ளூவின் மேலேயே படரும். வெறும் கூட்டில் நூற்பாசி பிடித்தால் மென்தூரிகையால் நீக்குங்கள், இல்லையென்றால் சதை முன்னேற முடியாமல் தடுக்கும்.

அதுவரை இடம் மாற்றாதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், இரண்டு விஷயங்களை ஒரே வாரத்தில் திருத்தாதீர்கள். இரண்டை மாற்றிப் பவளம் தேறினால் எது காப்பாற்றியது என்று தெரியாது, மோசமானால் எது கெடுத்தது என்றும் தெரியாது. புதுச் சதை படர்ந்து, பாலிப்புகள் பகலிலும் நீளத் தொடங்கிய பிறகு துண்டுகளைப் பழைய இடத்துக்கு ஏற்றலாம். வெளிச்சத்தை வாரத்துக்குப் பத்து சதவீதம் வீதம் கூட்டுங்கள். நிறம் வெளிறினால் ஒரு படி இறங்கி இன்னொரு வாரம் அங்கேயே வையுங்கள்.